உயர்த்திய வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, கல்லிலும் சேற்றிலும் ஓட்டும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மேனுவலுக்கு விஷயம் மாறும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

தரையில் சிவப்பாகச் சொட்டியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில்தானே?

இருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப் புதிதாக இருக்கும்போது சிவப்பு. ஓட ஓட பழுப்பாகிவிடும். அதே சிவப்பு ஏடிஎஃப்பைப் பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கிலும் ஊற்றுகிறார்கள், முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றிலும் ஊற்றுகிறார்கள், சில மேனுவல் கியர்பாக்ஸ்களிலும் ஊற்றுகிறார்கள். போதாக்குறைக்குச் சிவப்பே இல்லாத ஏடிஎஃப்களும் உண்டு. மெர்சிடீஸ் வண்டிகளுக்கான ஒரு வகை நீலமாக இருக்கும்.

ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுக்க வண்டிக்கு அடியில் போட்டு வையுங்கள். காலையில் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை போலக் கந்தக வாடை குப்பென்று அடித்தால் அது கியர் ஆயில்: ஆக்சிலிலிருந்து வந்திருக்கலாம், மேனுவல் கியர்பாக்ஸிலிருந்தும் வந்திருக்கலாம். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தண்ணீர் போல ஓடி, இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். வெளிறிய மஞ்சளில், சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயில். அப்படியென்றால் மற்றதெல்லாம் அப்புறம், வண்டியை எடுக்கவே வேண்டாம். வாடை எதுவும் இல்லாத தெளிந்த நீர் என்றால் ஏசி தண்ணீர், நிம்மதியாகப் போங்கள்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதானே ஓட்டை இருக்கும்?

சொட்டு சொல்வது அது எங்கே விழுந்தது என்பதை மட்டும்தான். சாதாரணக் காரிலேயே ஓடும்போது வீசும் காற்று எண்ணெயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். உயர்த்திய வண்டியில் இன்னொரு வில்லன் உண்டு: ஸ்கிட் பிளேட், அதாவது அடிப்பாகத்தைக் கல்லடியிலிருந்து காக்கும் தகடு. மேலே எங்கோ கசிகிற எண்ணெய் அதன் மேல் குளம்போலத் தேங்கி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்து ஓட்டை வழியாக விழும். நேற்று இடது பக்கம், இன்று பின்பக்கம் என்று சொட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் தகட்டின் மேல் எண்ணெய் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். முதல் வேலையாகத் தகட்டைக் கழற்றுங்கள்.

அப்படியானால் கசியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கழுவாமல் தேடுவது வீண் வேலை. பழைய எண்ணெயும் சேறும் அரை அங்குலத்துக்குப் படிந்திருக்கும் பெட்டியில் எதையும் பார்க்க முடியாது. டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவிடுங்கள். உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் துளையான பிரீதர் மீதும் ஒயர் கனெக்டர்கள் மீதும் நேராக வேகமான தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அப்புறம் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரமான இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, ஊற்றுக்கண் அதன் பக்கத்தில்தான்.

கசிவு மெதுவாக இருந்தால், காய்ந்த பெட்டியின் மேல் வெள்ளைப் பவுடரை லேசாகத் தூவிவிட்டு ஓட்டுங்கள். எண்ணெய் வந்த வழி கோடாகத் தெரியும். அதற்கும் பிடிபடாவிட்டால் புற ஊதா சாயம். ஏடிஎஃப்புக்கு என்றே விற்கும் சாயத்தைக் கலந்து ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏடிஎஃப்தான் என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் சாயம் ஊற்றிவிடாதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

உயரமான வண்டிதானே, ஜாக்கி வைக்காமல் அப்படியே அடியில் போகலாமா?

சமதளத்தில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுப் போகலாம். தூக்க வேண்டியிருந்தால் எடை தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். உயரமான நெட்டை ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்ட வேண்டாம். ஓட்டிவிட்டு வந்தவுடன் பார்ப்பதானால் எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்தில் கவனம்.

லிஃப்ட் செய்ததால்தான் ஒழுகுகிறதா?

எந்த வகை லிஃப்ட் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. எது எதோடு சேர்ந்து நகர்ந்தது, எது அப்படியே நின்றது என்று பாருங்கள்.

சஸ்பென்ஷன் லிஃப்டில் சேசிஸ் மேலே போகிறது, ஆக்சில் கீழேயே நிற்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் சேசிஸோடு சேர்ந்து போவதால், எண்ணெயைக் குளிர்விக்க கியர்பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓடும் கூலர் பைப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. மாறுவது ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வும் அதற்கு வேண்டிய நீளமும். அதனால் சந்தேகப்பட வேண்டியது ஷாஃப்ட் நுழையும் சீல்களை. ஆக்சில் பிரீதர் குழாய் நீளம் போதாமல் பிடுங்கிக்கொள்வதும் உண்டு.

பாடி லிஃப்டில் கதை தலைகீழ். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குகிறார்கள். ஷாஃப்டின் சாய்வு துளிகூட மாறாது. ஆனால் பல வண்டிகளில் ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்து மேலே போய்விடும், கியர்பாக்ஸ் கீழேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடும் கூலர் பைப் இழுபடும், மடியும், எங்காவது உரசும். ஆகவே பாடி லிஃப்ட் வண்டியில் வண்டியின் முன்பாதியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

மூன்றாவது வகை, ஷாஃப்ட் சாய்வைக் குறைப்பதற்காக கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கட்டை வைத்து இறக்குவது. இதில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து பின்பக்கமாகச் சாய்கின்றன. கூலர் பைப்பும் கொஞ்சம் நகரும், லெவல் பார்க்கும் கணக்கும் மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

பின்பக்கச் சீல் ஈரமாக இருக்கிறது. இதற்கும் ஷாஃப்ட் சாய்வுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு திருத்தம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் ஷாஃப்ட் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது. அங்கே ஒழுகும் சிவப்பு எண்ணெய் டிரான்ஸ்ஃபர் கேஸினுடையது. ‘கியர்பாக்ஸ் ஒழுகுகிறது’ என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இந்த ரகம். இது சாதாரண வித்தியாசமில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பல லிட்டர் இருக்கும். 1997 முதல் 2006 வரை வந்த டிஜே வகை ஜீப் ராங்லரில் உள்ள என்பி 231 டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடிப்பதோ சுமார் 1 லிட்டர்தான். சின்னக் கசிவே அதைக் காலி செய்துவிடும்.

சாய்வுக்கு வருவோம். யூ-ஜாயின்ட், அதாவது நாம் கிராஸ் என்று சொல்வது, சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸில் வரும் அந்தத் துடிப்பைப் பின் கிராஸ் எதிர்த் துடிப்பால் அடக்கிவிடும். இரண்டின் கோணமும் ஏறக்குறைய சமமாக, 1 டிகிரி வித்தியாசத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும். நெடுஞ்சாலை வேகத்துக்கு ஒவ்வொரு கோணமும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது பொதுக் கணக்கு. கோண மீட்டரை டிரான்ஸ்ஃபர் கேஸ் முகத்தில் வைத்துப் பாருங்கள், 3 டிகிரி கீழ் நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் மேல் வைத்தால் 12 டிகிரி. ஆக அந்தக் கிராஸ் வேலை செய்யும் கோணம் 9 டிகிரி. லிஃப்டுக்கு அப்புறம் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறுவதற்குக் காரணம் இதுதான். அந்த உதறலைத் தினமும் வாங்கிக்கொள்வது சீலும், அதன் பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷும்.

ஷாஃப்டின் முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் வழுக்கி நுழையும் ஸ்லிப் யோக் அமைப்பாக இருந்தால் இன்னொரு சங்கடமும் சேரும். ஆக்சில் விலகிப் போனதால் யோக் முன்பைவிட வெளியே வந்து நிற்கும், உள்ளே பிடிமானம் குறையும், ஆட்டம் கூடும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஆக்சிலைத் தொங்கவிட்டு, யோக்கின் பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். வெளியே வந்த இடத்தில் சேறு ஒட்டி, வண்டி இறங்கும்போது அதுவும் சேர்ந்து சீலின் உதட்டுக்குள் போகும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான்.

இதற்குச் சரியான தீர்வு, ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸில் நிலையான முகம் வைத்து, அந்த முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டைப் போடுவது. அப்படிப் போட்டால் பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் முனையான பினியனை ஷாஃப்டின் கோட்டிலேயே திருப்பி வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் புது ஷாஃப்ட் மட்டும் போட்டவர்களுக்கு உதறல் அப்படியே இருக்கும், செலவு மட்டும் ஆகியிருக்கும்.

சீலை மாற்றினேன். ஒரு மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. மட்டமான சீலா?

சீல் மேல் பழி போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடக் கடக்கென்று ஆடினால் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்துவிட்டது, எந்தச் சீலும் அங்கே நிற்காது. அடுத்து, சீல் உரசும் இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் யோக்கை மாற்ற வேண்டும், அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். மூன்றாவது பிரீதர். அது சேற்றில் அடைபட்டிருந்தால், சூட்டில் உள்ளே ஏறும் அழுத்தம் புதுச் சீலையும் தாண்டித்தான் வெளியேறும். அடைபட்ட பிரீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும், அதனால் உண்மையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேன் பேக்கிங்கில் ஒழுகுகிறது. போல்ட்டை நன்றாக இறுக்கிவிடலாமா?

வேண்டாம். பேன், அதாவது பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டைப் பிடிக்கும் அந்தப் போல்ட்டுகள் சிறியவை. பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம்தான் கேட்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் தகரப் பேனின் விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, நடுவில் தூக்கிக்கொள்ளும். அப்புறம் எந்தப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும். கல்லில் அடிபட்ட பேன் என்றால் கழற்றி, விளிம்பைச் சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் தட்டி நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியில் பேன் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் ஒரு வாரத்தில் பேன் விளிம்பு நனைந்தது. மூன்றாவது முறை ஒரு சின்னக் கண்ணாடியைப் பெட்டியின் பக்கவாட்டில் நீட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒயர் கனெக்டர் நுழையும் இடத்தில் ஓ-ரிங் கல்லாகிப் போயிருந்தது. அங்கிருந்து மெல்லிய கோடாக இறங்கிய எண்ணெய் பேன் விளிம்பில் உட்கார்ந்து, அங்கிருந்து சொட்டியிருக்கிறது. பேனுக்கு மேலே இருக்கிற ஒவ்வொன்றையும், அதாவது கனெக்டர், கியர் லீவர் ஷாஃப்ட் சீல், டிப்ஸ்டிக் குழாய் நுழையும் இடம், கூலர் பைப் மூட்டுகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பேன் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. பெட்டியை இறக்கியே ஆக வேண்டுமா?

இறக்குவதற்கு முன் எது ஒழுகுகிறது என்று உறுதி செய்யுங்கள். இரண்டும் சேரும் இடத்தை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிமூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இன்ஜினின் பின்முனையில் சுழலும் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டின் இன்ஜின் பக்கம் நனைந்திருந்தால் கிராங்க் பின்சீல். அந்தப் பக்கம் உலர்ந்து, இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்டர் பக்கம் நனைந்து, ஹவுசிங் உள்சுவரில் வட்டமாகத் தெறித்திருந்தால் கியர்பாக்ஸின் முன் பம்ப் சீல். மேனுவல் வண்டியில் அங்கே கியர் ஆயில் வந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல், கிளட்சும் வழுக்கத் தொடங்கியிருக்கும்.

இன்ஜின் தலைக்கு மேலே, டேப்பட் கவரின் பின்மூலையையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கசியும் எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, அச்சு அசலாகக் கிராங்க் சீல் போலவே சொட்டும். அதை நம்பிப் பெட்டியை இறக்கினால் ஒரு முழு நாள் போச்சு.

லெவல் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

பக்கத்து வீட்டுக்குப் போகிறது. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள சீல் போய்விட்டால் எண்ணெய் வெளியே வராது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இறங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றியதும் எண்ணெய் கடகடவென்று கொட்டினால் சந்தேகமே வேண்டாம். ஒரு கட்டத்தில் அது நிரம்பி பிரீதர் வழியாகப் பொங்கும். அப்போதுதான் தரைக்கு வரும், அதுவும் தப்பான இடத்தில்.

இன்னொரு வழி ரேடியேட்டர். ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும் வண்டிகளில் அது ஓட்டையானால் எண்ணெயும் கூலன்டும் கலந்துவிடும். ரேடியேட்டர் மூடியின் கீழே எண்ணெய்ப் பிசுக்கு, டிப்ஸ்டிக்கில் கலங்கிய இளஞ்சிவப்புக் குழம்பு என்று இரண்டு பக்கமும் தெரியும். அந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். ஆட்டோமேட்டிக்கின் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் படலம் தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும்.

ஆற்றைக் கடந்த பிறகும் அதே இளஞ்சிவப்புக் குழம்பு வந்ததே?

அது பிரீதர் வழியாகப் போன தண்ணீர். சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர்களை நீளமான குழாய் போட்டு இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். உள்ளே போய்விட்ட தண்ணீருக்கு ஒரே வழி, முழு ஆயிலையும் மாற்றுவது. ஒரு தடவை மாற்றினால் பெரும்பாலும் போதாது. கன்வெர்டரில் பழையது தங்கிவிடும்.

ஓட்டும்போது ஒன்றுமில்லை. ஒரு வாரம் நிறுத்தினால் மட்டும் குளம். ஏன்?

ஓடும்போது கன்வெர்டரில் நிறைந்திருக்கும் எண்ணெய், நாள்கணக்கில் நிறுத்தினால் மெல்ல வடிந்து பேனுக்கு வரும். அப்போது பெட்டிக்குள் எண்ணெய் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து, சாதாரணமாக நனையாத இடங்களைத் தொடும். கியர் லீவர் ஷாஃப்ட் சீல் அப்படி ஓர் இடம். கிளப்பியதும் எண்ணெய் மேலே போய்விடும், கசிவு நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றால் ஒன்றுமே தெரியாது.

லெவலை எப்படிப் பார்ப்பது? டிப்ஸ்டிக்கே இல்லையே?

டிப்ஸ்டிக் உள்ளவற்றில் பெரும்பாலானவை சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டியவை. இல்லாதவற்றில் பேனில் ஒரு வழிவு பிளக் இருக்கும். எண்ணெய் கையேட்டில் சொன்ன வெப்பநிலைக்குள் இருக்கும்போது அதைத் திறந்து, மெல்லிய இழையாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலை பல பெட்டிகளுக்கு 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் வரும்.

உயர்த்திய வண்டியில் இங்கேதான் ஏமாறுவோம். தரை சமமாக இருக்கும், வண்டி சமமாக இருக்காது. முன்பக்கம் அதிகம் உயர்ந்திருந்தாலோ, குறுக்குச் சட்டத்தை இறக்கியிருந்தாலோ பெட்டி பின்னால் சாய்ந்திருக்கும். பிளக் காட்டும் மட்டம் தப்பாகும். பெட்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த சாய்வுக்கு வரும்படி வண்டியைத் தாங்கி நிறுத்திவிட்டுப் பாருங்கள். தெரியாமல் கூட ஊற்றிவிட்டால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கி, பிரீதர் வழியாகத் தள்ளும். ‘புதுசாக ஆயில் மாற்றியதிலிருந்து ஒழுகுகிறது’ என்பதில் பாதி இதுதான்.

பெரிய டயருக்கும் ஒழுகலுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, சூடு வழியாக உண்டு. ஆக்சில் கியர் விகிதத்தை மாற்றாமல் பெரிய டயர் போட்டால் கன்வெர்டர் அதிகம் வழுக்கும், எண்ணெய் கொதிக்கும். 80, 90 டிகிரியில் இருக்க வேண்டியது 120ஐத் தாண்டி அடிக்கடி போனால் ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். மெதுவாகக் கல் ஏறும்போது டிரான்ஸ்ஃபர் கேஸின் குறைவேக கியரான லோ ரேஞ்ச் போடுங்கள்.

எவ்வளவு ஒழுகினால் பயப்பட வேண்டும்?

20 சொட்டு சுமார் 1 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 72 மில்லி, ஒரு வாரத்தில் அரை லிட்டர். வெறும் ஈரம், சொட்டாத பிசுக்கு என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். டி-யில் போட்டதும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தால், கியர் மாறும்போது இன்ஜின் மட்டும் அலறினால், செங்குத்தான ஏற்றத்தில் ஊளைச் சத்தம் வந்தால், லெவல் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும் கசிவு எவ்வளவு சின்னதானாலும் உடனே நிறுத்த வேண்டியது, ஏடிஎஃப் தீப்பிடிக்கும்.

ஒழுகலை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா?

இறுகிப்போன பழைய சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும், சில மாதம் தள்ளலாம். கிழிந்த சீலுக்கும், வெடித்த பெட்டிக்கும், பேன் பேக்கிங்குக்கும் பிரயோசனமில்லை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

காட்டுக்கு நடுவே கூலர் பைப் கிழிந்துவிட்டது. என்ன செய்வது?

உடனே இன்ஜினை அணையுங்கள். பம்ப் ஓடும் ஒவ்வொரு நொடியும் எண்ணெய் வெளியேறும். உலோகக் குழாயில் உரசி விழுந்த ஓட்டை என்றால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, ஏடிஎஃப் தாங்கும் ஹோஸை இரு முனையிலும் ஏற்றி, முனைக்கு இரண்டு கிளாம்ப் போடுங்கள். தண்ணீர் ஹோஸ் அழுத்தத்தையும் எண்ணெயையும் நெடுநேரம் தாங்காது. பேனில் விரிசல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மணல்தாளால் தேய்த்து, எபாக்ஸி மெழுகை அழுத்தி, இறுகும்வரை காத்திருங்கள். பொறுமையில்லாமல் அரைகுறையில் கிளப்பினால் பிய்த்துக்கொண்டு வரும். இதற்காகவே முழங்கை நீளத்துக்கு ஹோஸ், நாலு கிளாம்ப், உங்கள் பெட்டிக்கு உரிய வகை ஏடிஎஃப் 2 லிட்டர், ஒரு நீளமான புனல் ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருங்கள். கட்டி இழுக்க வேண்டி வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு இழுங்கள். அப்படி ஒரு நிலை உங்கள் வண்டியில் இல்லையென்றால் ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.